தெரியுது

ஆணி கிண்ணத்தில் விழுந்த சத்தத்தில்தான் டிரைவர் கண் விழித்தார்.

“என்ன சிஸ்டர், எதையோ கீழ போட்டுட்டீங்களா?”

செவிலி கிண்ணத்துக்குள் பார்த்தாள். தலை உடைந்த சின்ன ஆணி. அவருடைய வலது குதிகாலில் பாதிக்கு மேல் இறங்கி, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. குத்தி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். அந்தக் காலோடுதான் மனிதர் பஸ் பிடித்து, இரண்டு மாடி ஏறி, வரிசையில் முன்னால் நின்றவரோடு அரட்டை அடித்துவிட்டு வந்திருந்தார். அவள் ஆணியை இடுக்கியால் பிடித்து இழுத்தபோது சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

காயத்தைக் கழுவிக் கட்டினாள். பிறகு அவருடைய சர்க்கரை நோய் அட்டையை எடுத்துப் புரட்டினாள்.

போன மாதம். ‘இரண்டு பாதங்களிலும் உணர்வு நன்றாக உள்ளது.’ கீழே அவளுடைய கையெழுத்து.

அன்றைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவசரத்தில் எழுதியதில்லை. பத்து இடத்தில் தொட்டாள், பத்துக்கும் சரியாகச் சொன்னார். நன்றாக நினைவிருக்கிறது.

“இன்னொரு தடவை பாத்துடலாம் ஐயா. கண்ணை மூடிக்கோங்க.”

பேனா போன்ற பிடியின் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. இடது பாதத்தில் வைத்து, இழை வளையும்வரை மெல்ல அழுத்தினாள்.

“தெரியுது.”

கட்டைவிரல் அடியில்.

“தெரியுது.”

சுண்டுவிரல் ஓரத்தில்.

“தெரியுது. நல்லாவே தெரியுது.”

நான்காவது முறை அவள் பாதத்தைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தினாள்.

பக்கத்து நாற்காலியில் அவருடைய மனைவி. கணவரின் கையை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். பார்வை முழுக்க இழையின் நுனியில். அது தோலைத் தொட்டதும் அவருடைய விரல் கணவரின் புறங்கையை ஒரு அழுத்து அழுத்தியது.

“தெரியுது” என்றார் டிரைவர்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா கையை விட்டுவிட்டு எழுந்தார். திருடு பிடிபட்ட முகமாக இல்லை. கேட்டால் மறுபடியும் செய்வேன் என்கிற முகம். கதவுவரை போய் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இவரோட அண்ணனுக்கு மரத்துப்போச்சுன்னு எழுதுனாங்கம்மா. எழுதுன ஆறே மாசத்துல முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. நீங்களும் எழுதிடாதீங்க.”

செவிலிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“நான் எழுதாம விட்டதாலதாம்மா இந்த ஆணி ரெண்டு நாளா உள்ளயே இருந்திருக்கு. சரியா எழுதியிருந்தா, தெனமும் அவர் காலைப் பாக்கச் சொல்லி அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லியிருப்பேன்.”

அந்த அம்மா கிண்ணத்தைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டிரைவருக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது.

“நீ வெளிய போய் உக்காரு. என்னமோ இவ அமுக்கித்தான் எனக்குத் தெரியுற மாதிரி. இவ சும்மா பயந்து சாகுறா சிஸ்டர். என் கால், எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் பிரேக் மிதிச்ச காலு!”

கதவு சாத்தப்பட்டது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார். கண்களை இறுக மூடினார். வண்டியைக் கிளப்பப்போகிறவரைப் போல இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டார்.

மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு வண்டி வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். உதடு ‘தெ’ என்று சொல்லத் தயாராகவே இருந்தது.

நேரம் போனது.

கடைசியில் பொறுக்கமாட்டாமல், கண்ணைத் திறக்காமலே, சிரித்துக்கொண்டு கேட்டார்.

“என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?”

பத்தாவது இடத்தில் வளைந்து நின்ற இழையை அவள் மெல்ல எடுத்தாள்.