எழுத்தும் எண்ணும் மட்டும்

"யாருக்கு சார் உடம்பு முடியல? சீக்கிரம் காட்டுங்க."

கதவைத் திறந்த புரோகிராமருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் ஓர் ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. மடக்கிய ஸ்ட்ரெச்சரோடு டிரைவர் படியேறி வந்து மூச்சிரைத்தார்.

ராத்திரி முழுக்கக் கண் விழித்து வேலை பார்த்துவிட்டு, போனை சைலண்டில் போட்டுப் படுத்தவன் அவன். காலையில் அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாடுகூடப் பிரிக்காமல் மேசையில் கிடந்தது.

"இங்க நான் ஒருத்தன்தான்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல. வீடு மாறி வந்துட்டீங்க."

டிரைவர் நம்பவில்லை. அவன் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தன் போனை நீட்டினார். இதே தெரு, வீட்டு எண் 123. வயதான பெண்மணி, மூச்சுத் திணறல், உடனே வரவும். கதவுக்குப் பக்கத்தில் இருந்த பித்தளை எண்ணும் 123 என்றுதான் பல்லிளித்தது.

அந்தத் திரையைப் பார்த்ததும், பயத்துக்கு நடுவிலும் புரோகிராமருக்கு ஒரு பெருமை தலைதூக்கியது. ஆம்புலன்ஸ் கூப்பிடும் அந்த ஆப் அவன் கம்பெனி செய்தது. முந்தின நாள் யாரோ ஒரு புண்ணியவான் முகவரி கேட்கும் இடத்தில் ஒரு மேற்கோள் குறியைத் தட்டிவிட, மொத்த ஆப்பும் படுத்துவிட்டது. மேனேஜர் அவனை வறுத்தெடுத்துவிட்டார். அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கண்விழிப்பெல்லாம். டிரைவர் கேட்காமலே அவ்வளவையும் அவரிடம் சொல்லி முடித்தான்.

"இப்ப எவன் என்ன குப்பையைத் தட்டினாலும் கவலை இல்லண்ணே. எழுத்தும் எண்ணும் மட்டும்தான் உள்ள வரும். மத்த குறியெல்லாம் அதுவே தூக்கிப் போட்டுடும். அதனால தப்பு ஆப்புல இல்ல. எவனோ உங்ககிட்ட விளையாடறான்."

"விளையாட்டு மாதிரி தெரியல சார். கூப்பிட்டவங்க நம்பருக்கு விடாம அடிக்கிறேன். லைன் பிசியாவே இருக்கு. அவங்க வேற யாரையோ விடாம கூப்பிட்டுட்டிருக்காங்க போல."

எழுந்து வரும்போது கையோடு எடுத்துவந்த போன் அவன் பையில் அதிர்ந்தது. மேனேஜராகத்தான் இருக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

டிரைவர் மறுபடி அடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. வரிசையாக எத்தனை வீடுகள், அத்தனை கதவுகளும் மூடிக் கிடந்தன.

"எங்கயோ ஒரு உசுரு ஊசலாடிட்டிருக்கு சார். வண்டி வந்துடும், வந்துடும்னு பாத்துட்டு இருப்பாங்க. நான் எந்தக் கதவைன்னு போய்த் தட்டறது?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பெருமையெல்லாம் வடிந்தது. முன்பின் தெரியாத அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

"நம்பரைச் சொல்லுங்கண்ணே. நானும் போட்டுப் பாக்கறேன்."

போனை வெளியே எடுத்தான். திரையை அடைத்துக் கிடந்த அழைப்புகளைப் படிக்காமலே ஒதுக்கித் தள்ளினான். டிரைவர் ஒவ்வோர் எண்ணாகச் சொல்லச் சொல்ல, தட்டினான்.

கடைசி எண்ணைத் தட்டியதும் திரையில் தானாகவே ஒரு பெயர் வந்து நின்றது: அக்கா.

அம்மாவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்பவள். இதே தெருவின் அந்தக் கோடியில், 12/3-ஆம் எண் வீட்டில்.