காக்கா நட்ட கல்

சாலையைக் கடக்க ஒரு நத்தைக்கு எத்தனை நாள் ஆகும், சொல்லுங்க பார்ப்போம்?

மழை விடுவதற்குள் எதிர்ப்பக்கக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் அந்த நத்தை கிளம்பியது. வெயில் வந்துவிட்டால் ஓட்டோடு காய வேண்டியதுதான். சாலை நெடுக எருமைகள் கால் நீட்டிப் படுத்திருந்தன.

"இடம் பத்தலை, கொம்போட கொம்பு இடிக்குது!" என்று அவை கத்தின. சாலை அளக்கும் காக்கா பறந்து வந்து, சாலையை அகலமாக்க, குளத்துப் பக்கத்து எல்லைக் கல்லைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி நட்டது. மறுநாளே எருமைகளின் சம்பந்தி வீட்டார் வந்து அந்தப் பத்தடியிலும் படுத்தார்கள். மறுபடியும் அதே கத்தல். காக்கா மறுபடியும் கல்லைப் பிடுங்கியது.

"எல்லாரும் எழுந்து நடந்தா நெரிசலே இருக்காதே அக்கா?" என்றது நத்தை.

"வாயைப் பாரு! நீ ஊர்ந்து ஊர்ந்து வழியை அடைக்கிறதாலதான்டி இவ்வளவு நெரிசல்" என்றது மூத்த எருமை, அசை போட்டபடி.

மூன்றாம் முறை கல் நட இடமில்லை. குளத்தில் பாதியை மண் போட்டு மூடிவிட்டு நட்டது காக்கா. மழையும் விட்டது. நத்தையின் முதுகில் வெயில் சுள்ளென்று விழுந்தது. எருமைகள் மறுபடியும் கத்த, காக்கா மறுபடியும் கல்லைத் தூக்கியது.

"காக்கா அண்ணே, நான் பாதி வழி வந்துட்டேன்" என்று கூப்பிட்டது நத்தை. "வந்து சேர்ற வரைக்கும் ஒரு கை தண்ணியையாவது மிச்சம் வையுங்க."