தேய்ந்த இடம்

பியோ திரையை வெறும் சாம்பல் நிறத்துக்கு மாற்றினான்.

தொலைக்காட்சி பழுது பார்க்கப் போகும் எந்த வீட்டிலும் முதலில் அவன் செய்வது அதுதான். சாம்பலில் எந்தக் கறையும் ஒளிந்துகொள்ள முடியாது.

திரையின் இடப்பக்கம், கொரியக் கடலோர ஊரான குரியோங்போவின் கரை வளைவு வளைவாகக் கறையாய்ப் பதிந்து தெரிந்தது. வலப்பக்கம், கடல் இருந்த இடம் முழுக்க மஞ்சள் பூத்திருந்தது.

"திரையில ஒவ்வொரு புள்ளியும் தானே எரிஞ்சுதான் வெளிச்சம் குடுக்குதும்மா. எரிய எரியத் தேயும். நீலம்தான் முதல்ல போகும். ஒரே படம் நாள் கணக்கா நின்னா அந்த இடம் தழும்பாயிடும். எத்தனை நாளா வெச்சிருக்கீங்க?"

"பதினாலு மாசம்" என்றாள் மக்-சுன் அம்மாள். அறுபத்தெட்டு வயது இருக்கும். பார்லித் தண்ணீர்க் குவளையை அவன் பக்கத்தில் வைத்தாள்.

படகுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடம். இந்த ஊரில் அது புதிதில்லை. கடலுக்குப் போனவர் எங்கே என்று வீட்டுப் பெண்கள் கைபேசியில் பார்ப்பார்கள். இவள் சுவரளவு திரையில், விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வைத்திருக்கிறாள்.

அவன் குனிந்து பார்த்தான்.

கரையோரம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோணம். மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாகப் பதிந்திருந்தது.

ஒரு படகின் குறி.

அவனுக்குத் திக்கென்றது. நகர்கிற எதுவும் திரையில் தழும்பாவதில்லை.

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான். முக்கோணம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

"படகு பத்திரமா கரையிலதானே நிக்குது! ஐயா தொழிலை விட்டுட்டாரா? வீட்டுல இருக்கறவரைப் போய் நாள் பூரா வரைபடத்துல தேடுறீங்களேம்மா."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பியில் பாதி காய்ந்த மீன்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபடி சொன்னாள்.

"படகு வந்துருச்சு தம்பி. காவல் கப்பல்காரங்க இழுத்துட்டு வந்து கட்டினாங்க. எஞ்சின் ஓடிட்டே இருந்துச்சாம். அதுல ஆள் இல்ல."

அவள் கணவர் தனியாகவே போய் வலை வீசுகிறவராம். காலையில் துறைமுகத்துக்கு இறங்கிப் போய், படகின் இடம் காட்டும் பெட்டிக்குப் பேட்டரி மாற்றி வைப்பது இப்போது இவள் வேலை.

பியோ கருவிப் பையை மூடினான். திரும்பத் திறந்தான். மாட்ட வேண்டிய புதுத் திரை கீழே வண்டியில் இருந்தது. இதைக் கழற்றினால் அந்த முக்கோணமும் போய்விடும்.

"இது இப்படியே இருக்கட்டுமாம்மா?" என்று மெல்லக் கேட்டான்.

"ஐயோ, வேண்டாம்ப்பா. இன்னைக்கே மாத்திடு." அவள் எழுந்து வந்து முக்கோணத்தின் மேல் விரலை வைத்தாள். "எனக்குக் கண்ணு மங்கிட்டு வருது. படகு போனாலும் இந்தக் கறை இங்கேயே நிக்கும். அவர் வந்து படகை எடுத்துட்டுப் போனா எனக்கு எப்படித் தெரியும்?"