அறுபத்திரண்டு கிலோ

"அறுபத்திரண்டு! இந்த மாசமும் அதேதான், டாக்டர்!"

நர்ஸ் காமாரியா தராசைப் பார்த்து மலாயில் குரல் கொடுத்தாள்.

புஷ்பவள்ளி செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டர் விநாசித்தம்பியின் எதிரே வந்து உட்கார்ந்தாள். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில், எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் அவளுக்கு வேலை. போன வருஷம், எண்பத்தாறில், இந்தக் கிளினிக்குக்கு முதல் தடவை வந்தபோது எழுபத்தாறு கிலோ இருந்தாள். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும்.

டாக்டர் அவளுடைய கார்டைப் புரட்டினார்.

"முதல் நாலு மாசத்துல பதினாலு கிலோ இறங்குச்சு. அப்புறம் எட்டு மாசமா அப்படியே நிக்குது. மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல இதைக் குடுக்க எனக்கு மனசில்ல. இன்னியோட நிறுத்திடலாம்."

"சரி, டாக்டர்."

அவள் கொஞ்சமும் தயங்காதது அவருக்கு உறுத்தியது.

"சுலபமா சொல்லிட்டீங்க. நிறுத்தினவங்கள்ல பாதிப் பேருக்கு மூணே மாசத்துல பழைய எடை திரும்பி வந்திருக்கு. ஒரு டீச்சரம்மா இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதாங்க."

"எனக்கு ஏறாது லா, டாக்டர்."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"ஃபேக்டரி பஸ்ல கெலுகோர்லயே இறங்கிடறேன். அங்கேருந்து வீட்டுக்கு நடைதான். மழைன்னா குடை இருக்கு. காலையில தேங்காய்ப்பால் சோறு, அந்த நாசி லெமாக்கை விட்டுட்டேன். ராத்திரிக்கு ஒரு சின்ன மங்கு சோறு, மிச்சம் கீரையும் மீனும். தேத்தண்ணிக்கு சீனி கிடையாது. முதல்ல வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப என் வீட்டுக்காரரும் தொப்பையைத் தூக்கிக்கிட்டு கூட நடக்கறாரு!"

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"எல்லாம் நல்ல பழக்கம்தான். ஆனா மாத்திரை பசியை அடக்கி வெச்சிருக்கு, அதனாலதான் உங்களால இதெல்லாம் முடியுது. மாத்திரை இல்லாம உங்க பசி எப்படி இருக்கும்னு உங்களுக்கு இன்னும் தெரியாது, புஷ்பவள்ளி."

"தெரியும், டாக்டர்."

அவள் கைப்பையைத் திறந்தாள்.

"நாலாவது மாசம் எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. மைக்ரோஸ்கோப்புல பார்த்து, தலைமுடியை விட மெல்லிசான கம்பியை ஒட்டற வேலை எனக்கு. கை நடுங்கினா வேலை போயிடும். உங்ககிட்ட சொன்னா வேற மாத்திரை எழுதிக் குடுத்துடுவீங்க. வராம இருந்துட்டாலோ, மாசாமாசம் எடை பார்த்து என்னைக் கண்டிக்க ஆள் இல்ல. அதான் டாக்டர், பொய் சொல்லாம, வாயையும் திறக்காம வந்து போயிட்டிருந்தேன்."

அவர் எட்டு மாதமாகக் கொடுத்தனுப்பிய எட்டு மாத்திரைப் பாக்கெட்டுகளையும் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.