கம்ப்யூட்டர் புடிச்ச காப்பி

“ஏம்மா, ரெண்டு பேர்ல யாரு யாரைப் பாத்துப் போட்டீக? மரியாதையா சொல்லிருங்க.”

சங்கரபாண்டியன் சாருக்கு முகமெல்லாம் வேர்த்துருச்சு. பின்ன? சூலக்கரைல இருந்து கல்வி அதிகாரி லட்சுமிகாந்தம் வந்து கம்ப்யூட்டர் லேப்ல நடுவுல உக்காந்திருக்காரு.

சிவகாசிப் பக்கத்துலயே இந்தப் பள்ளிக்கூடத்துலதான் மொத மொதல்ல கருத்து வரைபடப் பரீட்சை. கேள்வி பதில்லாம் கிடையாது. திரையில பெட்டி பெட்டியா வார்த்தை கிடக்கும். எதுக்கும் எதுக்கும் சம்பந்தம்னு பிள்ளைக அம்புக்குறி இழுத்து விடணும். யாருக்கு எம்புட்டு புரிஞ்சிருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லிரும். இதைக் கொண்டுவரத்தான் சார் சோறு தண்ணி இல்லாம அலைஞ்சாரு.

இன்னைக்குப் பாடம், பட்டாசுல எந்த உப்பு எரிஞ்சா என்ன கலர்ங்கிறது. சிவகாசிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியா தரணும்? வகுப்பே வெளுத்து வாங்கிருச்சு.

தஹ்மீனாவையும் பிரீத்திகாவையும் தவிர.

ஸ்ட்ரான்ஷியத்துல இருந்து சிவப்புக்கும் செம்புல இருந்து நீலத்துக்கும் போக வேண்டிய அம்பை அப்படியே மாத்தி இழுத்துருக்காக. ரெண்டு படத்துலயும் அதே தப்பு. ‘காப்பி அடித்திருக்க வாய்ப்பு உண்டு’ன்னு கம்ப்யூட்டர் அதிகாரி கண்ணு முன்னாடியே காட்டிக் குடுத்துருச்சு.

“உங்க கம்ப்யூட்டர் கில்லாடிதான் சார். கள்ளனையும் புடிச்சிருதே,” அதிகாரி சிரிச்சாரு.

சாருக்கு நாக்கைப் புடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு.

“தஹ்மீனா, பஜார்ல உங்க அத்தா கடைன்னா கண்ணை மூடிக்கிட்டு சாமான் வாங்கலாம்பாக. அவுக மகளா நீ? அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸ்ல போயி இதைச் செஞ்சு காட்டணும்னு உங்க ரெண்டு பேரு பேரைத்தான் குடுத்திருக்கேன். ரெண்டையும் அடிச்சு விட்டுரவா?”

பிரீத்திகா வாயைத் தொறந்தா. தஹ்மீனா அவ கையைப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்கிட்டு எந்திரிச்சா.

“நான்தான் சார் இவளைப் பாத்துப் போட்டேன். இவ பேரை அடிக்காதீக.”

“அடிச்சதுதான் அடிச்ச, சரியாப் போட்டவனைப் பாத்து அடிக்கக் கூடாதா?” பின்னாடி இருந்து தருண்குமார்.

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுச்சு. அதிகாரியும் சிரிச்சாரு. சாரும் கூடச் சேந்து சிரிச்சுக்கிட்டே தஹ்மீனா பேரை அடிச்சாரு.

அதிகாரியை ஜீப் ஏத்திவிட்டுட்டு சார் திரும்பி வந்தா, லேப் வாசல்ல ரெண்டு பேரும் நிக்கிறாக. பிரீத்திகா கண்ணெல்லாம் செவந்து கிடக்கு.

“சார், அவ என்னையப் பாத்துப் போடல.”

“அப்ப நீ அவளைப் பாத்தியா?”

“ரெண்டு பேருமே உங்களைப் பாத்துத்தான் சார் போட்டோம்.”

“என்ன உளறுற?”

“போன வாரம் போன் பேசிக்கிட்டே போர்டுல அம்பு போட்டீகல்ல. அதுல அப்படித்தான் சார் இருந்துச்சு.”

சாருக்குப் பொறி தட்டுச்சு. அதிகாரியை வரவேத்து பேனர் அடிக்கிறதுக்கு, எழுத்து பெருசா இருக்கணும்னு போன்ல கத்திக்கிட்டிருந்த அன்னைக்குத்தான்.

“மத்த பிள்ளைக சரியாத்தான போட்டிருக்குதுக?” குரல் இறங்கிருச்சு.

“அவுக வீட்டுல எல்லாரும் பட்டாசு வேலை சார். உங்க போர்டைப் பாக்காமலே போட்டுருவாக. எங்களுது அச்சாபீஸ், இவளுது பலசரக்குக் கடை. எங்களுக்கு நீங்க சொல்றதுதான சார்.”

சாரால தஹ்மீனா முகத்தைப் பாக்க முடியல. சட்டைப் பித்தானைப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

“கேட்டப்பவே சொல்லிருக்க வேண்டியதுதானம்மா?”

“என்னையப் பாத்துச் சிரிச்சா ரெண்டு நாள்ல மறந்துருவாக சார்,” தஹ்மீனா மெதுவாச் சொன்னா. “உங்களைப் பாத்துச் சிரிச்சுட்டா, நாளைக்கு நீங்க எப்படி சார் வகுப்புக்கு வருவீக?”