ரெண்டு மார்க் வித்தியாசம்

“எதிர் வீட்டு அபியைவிட ஒரு மார்க் குறைஞ்சாலும் காலேஜ் கிடையாது. மறுநாளே மெத்தைக் கடைக்கு வந்து பஞ்சு அடைக்கணும்!”

அப்துல் கையூம் தன் மகன் ஷாரிக்கிடம் போட்ட சத்தம், உப்பளம் பகுதியில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாலை, அவரே எதிர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, அபி எவ்ளோ?”

“ஷாரிக் எவ்ளோ பாய்?” என்றாள் அபியின் அம்மா தனக்கொடி.

“முன்னூத்தி அம்பத்திரெண்டு.”

“எங்க அபி முன்னூத்தி அம்பது.”

உள்ளேயிருந்து, “அம்மா!” என்று ஓர் அலறல்.

“அழுவுறா பாய்,” என்று கதவைச் சாத்தினாள் தனக்கொடி.

பாய் சும்மா இருந்தாரா? வீடு வீடாக அல்வா கொடுத்தார்.

“என் பையன் அபியை ரெண்டு மார்க்ல தாண்டிட்டான்!”

தெரு முகம் சுளித்தது. “என்னா அலட்டல்! அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்?”

அபி அல்வாவைத் தள்ளி வைத்தாள். “நானூத்தி அறுபத்தொண்ணு வாங்கிட்டு இதை வேற நான் திங்கணுமா?”

“தின்னுடி,” என்றாள் தனக்கொடி. “அந்தப் பையன் படிக்கட்டும். காலேஜ் சீட்டுக்குச் சென்டாக் லிஸ்ட் வர்றவரைக்கும் வாயைத் திறக்காத.”

கல்லூரி சீட் லிஸ்ட் மார்க்கோடு வந்தது. மறுநாள் பாய் கையில் போனோடு வந்தார்.

“லிஸ்ட்ல அபிக்கு நானூத்தி அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கே?”

தனக்கொடி படியிறங்கி வந்தாள்.

“பொய் சொன்னது நான்தான் பாய். கோவத்துல புள்ளையைக் கடைக்கு இழுத்துட்டுப் போயிடாதீங்க. அவன் மார்க்குக்கு லாஸ்பேட்டை காலேஜ்ல பி.காம். கெடைக்கும்.”

“கெடைச்சிருச்சி. சேத்துட்டுத்தான் வர்றேன்.”

தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“சவடால் விட்டுட்டு எப்படிப் பின்வாங்குறதுன்னு தெரியாமத்தான் அன்னைக்கு உங்க வாசல்ல வந்து நின்னேன். அன்னைக்கு மத்தியானமே ஸ்கூல்காரங்க தெருமுனைச் செவுத்துல அபி போட்டோ, மார்க்கு எல்லாம் போட்டு ஆளுயர பேனர் கட்டிட்டாங்க, தங்கச்சி. இத்தனை நாளா என் மெத்தை வண்டியைக் குறுக்க நிறுத்தி மறைச்சி வெச்சிருக்கேன். இப்ப எடுத்துரட்டுமா?”