மருந்தில்லாத மாத்திரை

"எனக்குக் குடுக்கிறது மருந்தில்லாத மாத்திரை அண்ணாச்சி. ஏமாத்துறாங்க" என்றார் ஆண்டிச்சாமி.

மதுரையில் பஸ் ஏறியதிலிருந்து மூன்றாவது முறையாகச் சொல்கிறார். பக்கத்தில் இருந்த காசிராஜன் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. இருவருக்கும் ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் பழகியவர்கள். வயதானவர்களுக்கான புதிய கூட்டு மருந்துச் சோதனையில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்திருந்தார்கள். ஊசி எல்லோருக்கும் உண்டு. கூடவே தரும் மாத்திரையில் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மற்றவர்களுக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"தாயில்பட்டியில முப்பது வருசம் வெடிக்கு மருந்து அடைச்சவன் நான். வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். நீங்க நல்லா சாப்பிடுறீக, நடக்கிறீக. எனக்கு வாந்தி நிக்கல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

காசிராஜன் யோசித்தார். சொந்த ஊரான மல்லாங்கிணற்றில் அவருக்கென்று காத்திருக்க யாருமில்லை. ஆண்டிச்சாமிக்குத் தை மாதம் மகள் கல்யாணம்.

தன் மாத்திரை டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"மாத்திக்கிடுவோம். ஆஸ்பத்திரியில மூச்சு விட்டுறாதீக."

"ஒங்களுக்கு?"

"எனக்கு ஊசி போதும்."

ஆண்டிச்சாமி தன் டப்பாவை எடுத்து நீட்டினார். அடுத்த மாதமும் பஸ்ஸிலேயே மாற்றிக்கொண்டார்கள்.

ஆண்டிச்சாமிக்கு வாந்தி நின்றது. பசி எடுத்தது. காசிராஜனோ வாந்தியில் சுருண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பார்க்கப் போன ஆண்டிச்சாமியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேராகச் சோதனையை நடத்தும் டாக்டர் பிரபாகரனிடம் போனார்.

"அவருக்குக் குடுத்த மருந்த ரெண்டு மாசமா நான் தின்னுட்டேன் சார். என்னோட மாவுதான் அவரைச் சாய்ச்சிருச்சு. இனிமேலாவது அவருக்கே குடுங்க. என்னை என்ன செஞ்சாலும் சரி."

டாக்டரின் முகம் மாறியது. யாருக்கு எந்த மாத்திரை என்ற ரகசியப் பட்டியலை வைத்திருந்தவர்களுக்குப் போன் போட்டு விவரம் கேட்டார். பிறகு இருவரின் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துப் பார்த்தார்.

"இந்த மருந்து முதல்ல ஆளை வாட்டத்தான் செய்யும் ஐயா. வாந்தியெல்லாம் அதனாலதான்" என்றார் மெதுவாக.

ஆண்டிச்சாமி புரியாமல் பார்த்தார்.

"மருந்து இருந்தது உங்களுக்குன்னு குடுத்த டப்பாவுலதான். காசிராஜனுக்கு நோய் நல்லா இறங்கியிருக்கு. உங்களுக்குத்தான் ஏறிடுச்சு."